ரேடியேட்டருக்குக் கீழே நிறைகுடம்

கனடாவில், ஸ்காபரோ அடுக்குமாடி ஒன்றில் நான் தனியே இருக்கிறேன். மனைவி யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்திருக்கிறாள். அவள் வந்து இறங்குகிற அன்று வாசலில் நிறைகுடம் வைக்கவென்று ஒரு பித்தளைக் குடம் வாங்கி, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் வைத்திருந்தேன். அவளிடம்கூட அதைச் சொல்லவில்லை.

போன குளிருக்கு, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியது. வாளி நிரம்பி வழிந்த பதற்றத்தில், கைக்கு எட்டிய அந்தக் குடத்தையே கீழே வைத்துவிட்டேன். திருத்த வந்தவர் போனபிறகு பார்த்தால், குடம் நிறையத் துரு கலந்த கறள் தண்ணீர். எனக்கு என்மேலேயே ஆத்திரம்.

வீடியோவில் அவளுக்குக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரையில் குடத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, புளி போட்டு மினுக்கி வையுங்கோப்பா. இனி நான் வந்துதான் நிரப்புவன்."

ரேடியேட்டர் இப்போது ஒழுகுவதில்லை. நான்தான் ஞாயிறுதோறும் அந்த வெறுங்குடத்தை மினுக்கிக்கொண்டிருக்கிறேன்.