தலைவர் ஆக்சிஜனைத் திருகினார்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், எங்கள் வார்டில் ஓர் ஆள் சாகக் கிடந்தார். நோய் முற்றியதால் அல்ல. சொந்தக்காரர் பார்க்க வந்ததால்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். நான் அங்கே ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூச்சு விடத் திணறுகிறவர்களுக்கு ஆக்சிஜன் வைப்பது, மாஸ்க் மாட்டுவது, சளி எடுப்பது, வென்டிலேட்டரைக் கவனிப்பது... பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு.

இப்படி ஒரு வேலை இருப்பதே நம் சனங்களில் பலருக்குத் தெரியாது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, "நர்ஸா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப டாக்டரா?" அதுவும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெஷினு ரிப்பேரா?" என்றார். கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் "மருமக ஆஸ்பத்திரில காத்துப் போடுது" என்றுதான் சொல்கிறார். கேட்கும்போதெல்லாம் டயர் கடையில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் எனக்கு.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நோயாளியின் பெயர் ஆறுமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சிகரெட்டில் என்று வாழ்க்கையை ஓட்டிவிட்டார். இப்போது நுரையீரல் கெட்டுவிட்டது. அவர் மனைவி அஞ்சலையக்கா பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

இந்த மாதிரி நுரையீரல் உள்ள சிலருக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறு காட்டினால் போதும். அதற்கு மேல் அள்ளிக் கொடுத்தால், வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தங்கிவிடும். ஆள் மயங்குவார். விட்டால் மூச்சே நின்றுவிடும். அதனால் ஆறுமுகத்தண்ணனுக்கு மூக்குக் குழாயில் இரண்டு லிட்டர்தான் வைத்திருந்தேன்.

பன்னிரண்டரைக்குத் தலைவர் வந்தார்.

அஞ்சலையக்காவின் சித்தி மகன். புக்கிட் செந்தோசாவில் ஏதோ சங்கத்துக்குத் தலைவர். என்ன சங்கம் என்று கேட்டால் மூன்று பெயர் சொல்வார். கையில் தடித்த தங்கக் காப்பு, பின்னால் இரண்டு பேர். நோயாளியை அவர் பார்க்கவில்லை. நேராக மானிட்டரைப் பார்த்தார்.

"என்னா சிஸ்டர், தொண்ணூறுலயே நிக்குது? நூறு வரணும்லா."

"நான் சிஸ்டர் இல்லைங்க. மூச்சு சிகிச்சை பாக்கறவ. இவருக்குத் தொண்ணூறு போதும். கூட்டுனா ஆபத்து."

"காத்து கூடுனா ஆபத்தா? இத நான் எங்கயுமே கேட்டதில்லயே."

கேட்டதில்லைதான். கேட்பதற்கு முதலில் பேச்சை நிறுத்த வேண்டுமே.

பொறுமையாக இன்னொரு முறை சொன்னேன். அவர் என் சட்டையில் இருந்த பெயர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். "டாக்டர வரச் சொல்லுங்க, நாங்க பேசிக்கிறோம்" என்றார். அந்த நேரம் ஐசியூவிலிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கட்டிலைச் சுற்றி ஒரே சந்தோஷம். மானிட்டரில் தொண்ணூற்றொன்பது. தலைவர் ஏதோ பரீட்சையில் பாஸ் பண்ணியவர்போல நின்றார். "பாத்தீங்களா? இப்பதான் நிம்மதியா தூங்குறாரு."

சுவரில் இருந்த ஆக்சிஜன் குமிழைப் பார்த்தேன். இரண்டில் இருந்தது பத்தில் நின்றது.

"அண்ணே, கண்ணத் தொறங்க." தோளைத் தட்டினேன். ஒரு முனகல். நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தேன். இமை கொஞ்சம் பிரிந்து மூடிக்கொண்டது. கையைத் தூக்கிப் பிடித்தால் விரல்கள் துடித்தன. அது தூக்கம் இல்லை.

நம் ஆட்களுக்கு மார்க் என்றால் உயிர். பிள்ளை பரீட்சையில் எத்தனை ஏ வாங்கியது என்பதுதான் கேள்வி, பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது இல்லை. அதே கண்ணோடுதான் மானிட்டரையும் பார்க்கிறோம். கட்டிலில் மனுஷன் முங்கிக்கொண்டிருக்கிறான் — ஆனால் மார்க் தொண்ணூற்றொன்பது. வேறென்ன வேண்டும்?

குமிழைக் குறைத்தேன். டாக்டர் ஓடி வந்தார். வயதில் சின்னவர், மலாய்க்காரப் பெண், பதற்றப்படாதவர். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பயந்ததுதான் நடந்திருந்தது. மெஷினோடு இணைந்த இறுக்கமான மாஸ்க்கை மாட்டிப் பார்ப்போம், ஒரு மணி நேரத்தில் விழிக்காவிட்டால் தொண்டையில் குழாய் என்றார். இந்த நுரையீரலுக்குள் குழாய் போனால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மாஸ்க் மாட்டினால் நிற்கவில்லை. கன்னம் ஒட்டிப்போன முகம், வாயில் பல் இல்லை. ஓரத்தில் எல்லாம் காற்று ஒழுகியது.

"அக்கா, அண்ணனோட பல் செட்டு எங்க?"

அஞ்சலையக்கா கட்டிலோர மேசையின் இழுப்பறையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். பல்லை மாட்டியதும் கன்னம் கொஞ்சம் எழும்பியது. மாஸ்க் பொருந்தியது. இருந்தாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சோடு மெஷின் சேர்கிறதா என்று பார்த்தபடி நின்றேன்.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது. தலைவர் போனைத் தூக்கிப் பிடித்து லைவ் போய்க்கொண்டிருந்தார்.

"பாருங்க மக்களே, நல்லாத் தூங்கிட்டு இருந்தவருக்கு ஆக்சிஜன கொறச்சிட்டாங்க. கேட்டா பதில் இல்ல. நம்ம ஏழ ஜனம்னா இவங்களுக்கு..."

திரும்பிக் கத்த வேண்டும்போல இருந்தது. கையை எடுத்தால் காற்று ஒழுகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அஞ்சலையக்கா எழுந்து போனுக்கு முன்னால் போய் நின்றார்.

"நீதானடா திருவுன," என்றார். சத்தம் போடவில்லை. "அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டுப் போச்சு. நீதான் திருவுன. நான் பாத்தேன்."

"அக்கா, லைவ்ல இருக்கேன்லா..."

"இருக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும். வெளிய போ."

தலைவர் போனார். பின்னால் நின்ற இரண்டு பேரும் போனார்கள். ஒருவர் மட்டும் வாசலில் திரும்பி நின்று, "மாமாவப் பாத்துக்குங்க சிஸ்டர்" என்றார்.

அக்கா கட்டிலின் மறுபக்கம் வந்து நின்று புருஷனின் காலைப் பிடித்துக்கொண்டார். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்மா. தலைவரு ஆச்சே, தெரிஞ்சிதான் செய்வாருன்னு ஒண்ணும் சொல்லல" என்றார்.

தலைவரைத் திட்டுவது சுலபம். செய்துகொண்டுதான் இருக்கிறேன், நிறுத்தப் போவதும் இல்லை. ஆனால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். விடிந்ததிலிருந்து கட்டிலருகே இருந்தவர் அஞ்சலையக்கா. குமிழைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் குரல் பெரிதோ அவருக்கு விளக்கம் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டேன். வாயில்லாதவர்களிடம் பேசாமல் விடுவதில் படித்தவர்களான நாங்களும் தலைவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தோள் மரத்துப்போய்விட்டது. மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. பிறகு ஒரு கை மெதுவாக மேலே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது.

"எடு இத... மூஞ்சி வலிக்குது."

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ நன்றி வாங்கியிருக்கிறேன். இந்த வசவுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. டாக்டர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அக்கா அழவில்லை. "பேசாம இரு. மாட்டிக்க" என்று புருஷனை அதட்டினார். அந்தக் குடும்பத்தில் அக்காவிடமிருந்து அப்படி ஓர் அதட்டல் எழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அண்ணன் கையைக் கீழே போட்டார்.

அதன்பிறகு அக்கா குமிழுக்குப் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். தாதிகள் வந்தால்கூட, "ரெண்டுதான?" என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டே விட்டார். வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியில் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

லைவ் வீடியோ அன்றைக்கே காணாமல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தலைவரின் அதே பக்கத்தில் ஒரு படம் வந்தது. வீட்டுச் சோபாவில் ஆறுமுகத்தண்ணன், பக்கத்தில் பழக்கூடையோடு தலைவர். "நமது உடனடித் தலையீட்டால் உயிர் பிழைத்தார்" என்று எழுதியிருந்தது. நூற்றுக்கணக்கில் பாராட்டு.

கைதட்டல் பொம்மை போட்டவர்களில் என் கூடப் பிறந்த அண்ணனும் ஒருவன்.