காதுக்கு இதமான ஹெட்ஃபோன்

குவைத்துக்கு வந்த முதல் வாரம், பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் உட்கார்ந்திருந்தார். இந்த பஸ் கடற்கரைப் பக்கம் போகுமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார், பதில் சொல்லவில்லை. கொஞ்சம் உரக்கக் கேட்டேன். மறுபடியும் அதே சிரிப்பு. அவர் தலைமேல் வளைந்த கம்பி ஒன்று, அதன் இரு முனையிலும் ஆரஞ்சு நிறப் பஞ்சு. பாவம், காதில் சீழ் வடிகிறது, மருந்து வைத்திருக்கிறார் என்று நினைத்து இரக்கப்பட்டேன். எங்கள் ஆம்பூரில் பாட்டு என்றால் அது தெருவுக்கே சொந்தம். டீக்கடை ரேடியோவும் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரும் யாரையும் கேட்டுக்கொண்டு பாடுவதில்லை. ஒரு பாட்டை ஒரே ஒரு மனிதன் தனக்கென்று எடுத்துக்கொண்டு போவதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

இப்போது அதெல்லாம் பழகிவிட்டது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் என்னிடம்தான் வருகிறார்கள். "அண்ணே, எந்த ஹெட்ஃபோன் நல்லா இருக்கும்?" நானும் சொல்கிறேன். கடையில் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்காதே, கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நில். முதலில் சுகமாக இருக்கும், பிறகுதான் காது மடல் நோகும். தலையை ஆட்டினால் நழுவவும் கூடாது, நெற்றிப்பொட்டில் இறுக்கவும் கூடாது. பாட்டைப் போட்டு மட்டும் சோதிக்காதே, யாராவது பேசுகிற கேசட்டைப் போட்டுப் பார். பேச்சு தெளிவாக வந்தால் பாட்டும் வரும். ரெக்சின் மெத்தை வைத்ததை வாங்காதே, இந்த ஊர் வெயிலுக்கு வேர்த்து ஆறே மாதத்தில் செதில் செதிலாக உரியும். இத்தனையும் சொல்வேன். நான் என் ஹெட்ஃபோனில் என்ன கேட்டேன் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஊரில் நான் தோல் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தவன். தோல் பதனிடுகிற டிரம் ஓட்டினேன், பிறகு தோல் தரம் பிரிக்கிற மேஜைக்கு வந்தேன். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இங்கே ஒரு சோபா பட்டறையில் விசா கிடைத்தது. புறப்பட்டபோது என் மகள் தேன்மொழிக்கு ஒன்றரை வயது. வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, அண்ணனின் மகள் சுமதி, என் மனைவி வசந்தா. அப்போது எங்களுக்கு ஃபோன் என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய விஷயம் இல்லை. கடிதத்துக்குப் பதில் கேசட்தான். ஊருக்கு ஒரு டேப் ரெக்கார்டர் அனுப்பியிருந்தேன். வீடே அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். அம்மா அரை மணி நேரம் பேசுவாள், அண்ணன் கம்பெனி சமாச்சாரம் சொல்வான், கடைசியில் மிச்சமிருக்கிற ஐந்து நிமிஷம் வசந்தாவுக்கு. அத்தனை பேர் முன்னால் அவள் என்ன பேசுவாள்? "இன்னாங்க, சாப்ட்டீங்களா? எளச்சிப் பூட்டீங்களா?" என்பாள். பிறகு தேனுவைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை.

எங்கள் அறையில் ஆறு பேர். கேசட் வந்தால் அறையின் பொது ரெக்கார்டரில்தான் போட வேண்டும், ஆறு பேரும் கேட்பார்கள். அதில் குடியாத்தத்துக்காரன் பாபு ஒருவன். எனக்கு தோஸ்த்தும் அவன்தான், என்னை அதிகம் வதைத்தவனும் அவன்தான். வசந்தாவின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டான். பட்டறையில் நான் குனிந்து ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து மெல்லிய குரலில், "இன்னாங்க, எளச்சிப் பூட்டீங்களா?" என்பான். மலையாளிகளும் பாகிஸ்தானிகளும்கூட அர்த்தம் தெரியாமலே அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு மாதம் என் பெயரே அதுதான். என் பெண்டாட்டியின் குரல் அத்தனை ஆண்களின் வாயில் கிடந்து எச்சில்படுவதைப் பொறுக்க முடியாமல்தான் ஹெட்ஃபோன் வாங்கப் போனேன்.

கடைக்காரர் ஓர் அரபிக் கிழவர். என்ன கேட்பதற்காக வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டார். "ஒய்ஃப்," என்றேன். மனைவிக்குப் பரிசு என்று நினைத்து, ரோஜா நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். "நோ, நோ. ஒய்ஃப் டாக், ஐ ஹியர்," என்றேன். அவருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அரபியில் ஏதோ சொன்னார், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனைவி பேசுவது கேட்காதபடி காதை மூட ஒரு கருவி கேட்கிறேன் என்று புரிந்துகொண்டிருக்கிறார். "இதோ இது உனக்குச் சரி. வெளியே எதுவும் கேட்காது," என்று காது முழுவதையும் மூடுகிற பெரிய ஒன்றைக் கொடுத்தார். மெத்தையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். ரெக்சின் இல்லை, நல்ல ஆட்டுத் தோல், நன்றாகப் பதம் பண்ணினது. கையோடு கொண்டுபோயிருந்த கேசட்டைப் போட்டார். அம்மா என் தலைக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அரை மணி நேரம் போட்டுக்கொண்டு நின்றேன். எங்கேயும் உறுத்தவில்லை. வாங்கிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் தொழுகைக்கும் கடைத்தெருவுக்கும் போயிருந்தார்கள். அறை ரெக்கார்டரில் ஹெட்ஃபோனைச் செருகி, ஊரிலிருந்து கடைசியாக வந்திருந்த கேசட்டைப் போட்டேன். அதை ஏற்கெனவே எல்லோரோடும் ஸ்பீக்கரில் நாலைந்து தரம் கேட்டிருக்கிறேன். அம்மா, அண்ணன் எல்லாம் ஆன பிறகு வசந்தா வந்தாள். "தேனு நல்லா கீதுங்க. ஓடுது, ஆடுது," என்றாள். பிறகு ஒரு நிறுத்தம். ஸ்பீக்கரில் கேட்டபோது அங்கே வெறும் இரைச்சல்தான் இருந்தது. இப்போது அந்த இரைச்சலுக்குள் ஒரு வீடு இருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அம்மாவின் கிசுகிசுப்பு வந்தது: "தூங்குதுன்னு சொல்லுடி." உடனே வசந்தா, "இப்ப தூங்குதுங்க," என்றாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "அழாத, அவனுக்குத் தெரிஞ்சிடும். ஓடியாந்துடுவான், விசா பூடும்," என்றான். கொஞ்சம் தள்ளி, வாசற்பக்கமாக, எதிர்வீட்டுப் பெண்ணின் குரல்: "புள்ளயப் பொதச்சி ஒரு மாசம் ஆவல. இன்னாடி கூத்து இது?" அம்மா சொன்னாள், "வாய மூடு, ரெக்காடு ஓடுது."

திருப்பிப் போட்டேன். மறுபடியும் திருப்பினேன். எத்தனை தரம் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் சொற்கள் இன்னும் தெளிவாகத்தான் ஆயின. நல்ல ஹெட்ஃபோன் அது.

மறுநாள் காலையில் ஃபோர்மன் முன்னால் போய் நின்றேன். அவர் பாகிஸ்தானி. எங்கள் ஊர் பாய்களிடம் கற்ற உருதுவில், மகள் செத்துப்போய்விட்டாள், ஊருக்குப் போக வேண்டும் என்றேன். எப்போது என்றார். கேசட் வந்து சேர எடுத்த நாளையும் சேர்த்து, மூன்று மாதம் இருக்கும் என்றேன். முகம் மாறியது. என்னை முதலாளியிடம் அழைத்துப் போனார். பாஸ்போர்ட் எல்லாம் முதலாளியின் அலமாரியில் இருந்தது. தந்தி வந்ததா, கடிதம் உண்டா என்று கேட்டார்கள். கேசட்டில் கேட்டேன் என்றேன். "போடு, கேட்போம்," என்றார் முதலாளி. பட்டறைத் தையல் மிஷின்களின் சத்தத்துக்கு நடுவே மேஜைமேல் இருந்த ரெக்கார்டரில் அது ஓடியது. அர்த்தம் சொல்வதற்குப் பாபுவைக் கூப்பிட்டார்கள். அவன் தலை சாய்த்து, உண்மையாகவே கவனமாகக் கேட்டான். பொய் சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

"குழந்தை நல்லா இருக்காம். ஓடுதாம், ஆடுதாம். இப்ப தூங்குதாம்," என்றான்.

என் ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினேன். கூலிக்காரன் காதில் மாட்டினதை முதலாளி தொடவில்லை. ஃபோர்மன் என் கையைத் தட்டிவிட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே அரபியில் சொன்னதை ஃபோர்மன் உருதுவில் சொன்னார்: "உன் மகள் தூங்குகிறாளாம். எழுப்பிவிடாதே. போ, வேலையைப் பார்." அன்று ஒரு பெரிய சோபாவுக்குப் பஞ்சு அடைத்தேன். பாபு அதற்குப் பிறகு வசந்தா மாதிரி பேசுவதை நிறுத்திவிட்டான்.

இனி சொல்லப்போவதற்கு முதலாளியோ ஃபோர்மனோ பொறுப்பில்லை. நான்தான். அழுது ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு வெற்றுக் கேசட்டில் எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில், "வசந்தா, அடுத்த கேசட்ல தேனு பேசணும். அப்பான்னு ஒரு வார்த்தையாவது சொல்லச் சொல்லு. அவ கொரலு கேட்டே ஆவணும்," என்றேன். அப்படிக் கேட்டால் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவர்களும் என்னைப் போலத் துடிக்க வேண்டும் என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தேனு பேசினாள். "அப்பா, நான் தேனு பேசறேன். நல்லா கீறியாப்பா?" சுமதியின் குரல். நாலு வயதுப் பெண், மழலை இன்னும் போகவில்லை, என் தோளில் தூங்கிய குழந்தை, அவளைத் தெரியாதா எனக்கு? நடுவில் ஒரு இடத்தில் "சித்தப்..." என்று ஆரம்பித்துவிட்டாள். உடனே 'ஸ்' என்று வலியில் உறிஞ்சும் ஓசை, யாரோ கிள்ளியிருக்கிறார்கள். "அப்பா," என்று திருத்திச் சொன்னாள். அந்தக் கேசட்டில் வசந்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் மைக்குக்கு மிக அருகில் ஒரு மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். "கொரல் நல்லா கீது, வளந்துட்டா," என்று பதில் சொன்னேன். லீவில் போனவர் கையில் ஒரு கவுன் கொடுத்தனுப்பினேன். அளவு சரியாக இருந்ததா என்று அடுத்த கேசட்டில் கேட்டேன். கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்று அம்மா பதில் சொன்னாள். இப்படியே ஒரு வருஷம் ஓடியது. கடலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிள்ளையை நாங்கள் வளர்த்தோம்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனேன். ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் பாலாற்றுக் காற்றில் தோல் கம்பெனி வாடை வந்தது. இரண்டு வருஷத்தில் என் மூக்குக்கு அது அந்நியமாகிவிட்டது, குமட்டியது. வீட்டுப் படி ஏறுவதற்குள் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். "உன் தங்கத்த வாரிக் குடுத்துட்டேனேடா! காய்ச்சல்னு வேலூருக்குத் தூக்கினு போனோம், பள்ளிகொண்டா தாண்டல, பஸ்ஸுலயே கண்ண மூடிக்கிச்சே!" நான் பெட்டியைக் கீழே வைத்தேன். "தெரியும்," என்றேன்.

அம்மாவின் ஓலம் நின்றுபோனது. அண்ணன், "யார் சொன்னது?" என்றான்.

"நீங்கதான். கேசட்ல பின்னால பேசினது எல்லாம் கேட்டுச்சி."

வசந்தா சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். அங்கிருந்தபடியே கேட்டாள். "எந்தக் கேசட்ல?"

"தேனு தூங்குதுன்னு சொன்னியே, அதுல."

அவள் கண்கள் கேசட்டுகளை முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்பதுபோல நகர்ந்தன. பிறகு, கல்யாணமானதிலிருந்து என்னை 'நீங்க' என்றே சொல்லி வந்தவள், "அப்ப தெரிஞ்சினே தான் கேட்டியா, அவ கொரலு வேணும்னு?" என்றாள்.

நான் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"சுமதி முழிச்சினு நின்னுது. தேனு எப்படி அப்பான்னு சொல்லும்னு அதுக்குத் தெரியாது. உங்கம்மா என்னைத்தான் சொல்லிக் குடுக்கச் சொன்னாங்க. ரெண்டு நாளு சொல்லிக் குடுத்தேன். என் புள்ள மாதிரி பேசறதுக்கு." அவள் அழவில்லை. "இவங்க மறச்சாங்க, அது பயத்துல. நீ இன்னாத்துல கேட்ட?"



மறுநாள் காலையில், புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். சின்னக் குழந்தை என்பதால் ஆற்றோரம் புதைத்திருந்தார்கள், கல் ஏதும் நடவில்லை. நாலு பேரும் பாலாற்றில் இறங்கினோம். நான் நினைத்திருந்த ஆறாக அது இல்லை. மணல் லாரிகள் இறங்கி ஏறிப் பெரிய பெரிய பள்ளங்கள். அம்மா ஒரு முள்செடியைக் காட்டி அதற்குப் பக்கத்தில் என்றாள். அண்ணன், இல்லை, பாலத்துக்குக் கிட்டே, நான்தான் குழி வெட்டினேன் என்றான். அவன் காட்டிய இடத்தில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது, அடியில் தோல் கம்பெனிக் கழிவுநீர் கறுப்பாக ஊறியிருந்தது. இருவரும் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். நான் வசந்தாவைப் பார்த்தேன்.

"எங்க?" என்றேன்.

"என்னை இன்னாத்துக்குக் கேக்கற? லாரிக்காரனக் கேளு, மண்ண எங்க கொட்டினான்னு."

அப்போது பள்ளத்திலிருந்து ஒரு லாரி மணலோடு ஏறி வந்தது. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். ஈர மணல், பின்பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்று. கரையேறி, பெங்களூர் ரோட்டில் திரும்பியது. நான் செருப்பைக் கையில் பிடித்தபடி அந்த ஈரக் கோட்டைத் தொடர்ந்து ரோடு வரை நடந்தேன். மெட்ராஸுக்குப் போகிற பஸ் ஒன்று எதிர்ப்பக்கம் வந்து, நான் ஏறுவேன் என்று நினைத்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதி, "வர்றியா, இல்லியா?" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தேன். வசந்தா ஆற்றுக்குள்ளேயே, யாரும் காட்டாத ஓர் இடத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.