மங்கம்மா அத்தை சொன்ன பூர்வீகம்

மதுராந்தகத்தில் என் கடையில் டைல்ஸ் விலை பேசிக்கொண்டிருந்தபோது சித்தப்பா மகனிடமிருந்து போன் வந்தது. "அண்ணாத்த, அத்த பூட்டாங்க. டீ ஆத்தி வெச்சிட்டு எழுப்புறேன், எழுந்துக்கவே இல்ல." என் அப்பாவின் அக்கா மங்கம்மா மறைந்த சேதி இப்படித்தான் வந்தது.

அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில், மலை முடிகிற எல்லையில் இருக்கிறது எங்கள் ஊர். ரயில் பாதைக்கு ஜல்லி தேவைப்பட்டது. மலையில் கல் இருந்தது. உடைப்பதற்கு வடக்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். வேலை முடிந்தும் போக்கிடம் இல்லாதவர்கள் தங்கிவிட்டார்கள். எங்கள் ஊரின் தலபுராணம் அவ்வளவுதான். அத்தையும் இளவயசில் ஜல்லிக்கூடை சுமந்தவர்.

நாலு காசு பார்த்ததும் எங்களுக்கு அந்தக் கதை கசந்தது. நிச்சயதார்த்தத்தில் பூர்வீகம் சொல்லியாக வேண்டும் என்பதால் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். ஒருவருக்குக் காஞ்சிபுரம், ஒருவருக்குச் செஞ்சிக் கோட்டை. மட்டமான சரக்குக்குப் பளபளப்பான பெட்டி தேடுகிற வியாபாரப் புத்தி எனக்கு.

போன தை மாதம் என் மகனுக்கு நிச்சயம். கல்பாக்கத்தில் உத்தியோகம் பார்க்கும் சம்பந்தி பூர்வீகம் கேட்டார். "ஜமீன் வழி" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டார். "ஜமீனா? எனக்குத் தெரியாம எவன்டா அவன்? உங்க தாத்தன் ஒடைச்ச கல்லு மேலதான் ரயிலு ஓடிக்கினு கீது. அதுல இன்னாடா கேவலம்?"

"வயசாயிடுச்சு, ஏதோ உளறுறாங்க" என்றேன், சபை நடுவில்.

கை கழுவும் இடத்தில் அத்தை என்னிடம் சொன்னார்: "எனக்கு எல்லாம் நெனப்பு கீது, நைனா. நீதான் மறந்துட்ட." பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

இறுதி ஊர்வலம் லெவல் கிராசிங்கில் நின்றது. கேட் போட்டிருந்தார்கள். பாடையைத் தோளில் தாங்கியபடியே ரயிலுக்குக் காத்திருந்தோம். சம்பந்தி என் பக்கத்தில் இருந்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அத்தை அன்னைக்குச் சொன்னதுதான் நெசம், சம்பந்தி. நாங்க கல் உடைக்க வந்தவங்க."

"தெரியும். அன்னைக்குக் கிளம்பும்போது அவங்களே என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'கல்லு ஒடைச்ச குடும்பம்தான். பையன் தங்கம். அவங்கப்பன் கூச்சத்துல சொன்னதை மனசுல வெச்சிக்காதீங்க, எதிர்லயும் கேட்டுடாதீங்க, தாங்க மாட்டான்'னாங்க."

ரயில் அதிர்ந்துகொண்டு கடந்தது. கேட் திறந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. பின்னால் நின்றவர்தான் தள்ளினார்.

போய் வாருங்கள், அத்தை. அன்றைக்குச் சபையில் அப்படிச் சொன்ன எனக்கு உங்களைத் தூக்கிப் போகவும் கூசியது. ஆனாலும் பாடையை வேறு தோளுக்கு மாற்றிக் கொடுக்கவில்லை.