அழுத்தி நிரப்பிய மாவு

அந்த பேக்கரியில் அவளை எல்லோரும் டம்ளர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக ஒரே எவர்சில்வர் டம்ளர். மாவு மூன்று, சர்க்கரை இரண்டு, வெண்ணெய் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். கேக் பஞ்சு மாதிரி வரும். முதலாளி வாய் நிறையப் புகழுவார். அது காதில் விழாதது போல நின்று கேட்பதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

போன மாதம் ஒருத்தி கையில் டிஜிட்டல் தராசோடு வேலைக்கு வந்து சேர்ந்தாள். எதையும் நிறுத்துத்தான் போடுவாள். அன்றிலிருந்து முதலாளி வாயில் அவள் பேச்சுதான். பக்கத்துத் தெருவில் இரண்டாவது கடை வரப்போகிறது. பதினெட்டு வருஷம் உழைத்தவளுக்கு அதன் பொறுப்பு கிடைக்காவிட்டால் வேறு யாருக்குக் கிடைக்கும்? பதில் தெரிந்துதான் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

"புதுக் கடையிலயும் இதே கேக்தான் வேணும். டம்ளர் கணக்கை கிராமா மாத்தி எழுதுங்க" என்றார் முதலாளி.

புதியவள் வெறும் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கினாள். "அக்கா, நீங்க எப்பவும் போடற மாதிரியே நிரப்புங்க."

எப்போதும் அக்கா மாவைச் சலித்து, மெல்ல விழவிட்டு, கத்தியால் தலைதட்டுவாள். அன்று மூட்டையிலிருந்து நேராக அள்ளி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினாள். தராசு நூற்று அறுபது காட்டியது.

"நூத்தி அறுபதாக்கா?"

"ஆமா. எழுதிக்கோ."

புதுக் கடை திறப்பதற்கு முதல் நாள், எழுதிய கணக்குத் தாளைப் பார்த்துப் புதியவள் அங்கே கேக் செய்தாள். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு அக்காவும் வேடிக்கை பார்க்கப் போனாள். முதலாளி ஒரு துண்டைக் கடித்தார்.

"என்னம்மா இது, செங்கல்லா? கணக்கைத் தப்பா எழுதிட்டியா? உன்னை நம்பி எப்படி கடையை விடறது?"

அக்காவுக்குக் குளுகுளுவென்று இருந்தது. சுவரைப் பார்க்கும் வரைதான். அங்கே சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தக் கணக்குத் தாளில் கொட்டை எழுத்தில் 'டம்ளர் அக்கா கேக்' என்று இருந்தது.

"என் பேரை எதுக்குடி போட்ட?"

"உங்க கேக்தானேக்கா, வேற யார் பேரைப் போடறது?" என்ற புதியவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "அக்கா அளந்தது தப்பா இருக்காது சார். நான் சுட்டதுலதான் ஏதோ கோளாறு."

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கடை அக்கா கைக்கு வந்திருக்கும்.

"அவ தப்பில்ல சார். நான்தான் மாவை அழுத்தி நிரப்பினேன். வேணும்னே. பொறாமையில."

அவளே மாவைச் சலித்து, டம்ளரில் விழவிட்டு, தலைதட்டித் தராசில் வைத்தாள். நூற்று இருபது.

புதியவள் சட்டத்தைக் கழற்றி, நூற்று அறுபதை மட்டும் அடித்துத் திருத்தி, மறுபடி மாட்டினாள். தலைப்பைத் தொடவில்லை. அதையும் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.