கடைசிக் காட்சி இல்லாத நாடகம்

அந்த அமெரிக்க மனுஷியின் நாடகத்தைத் தமிழாக்க எனக்கு இரண்டு குளிர்காலம் எடுத்தது. அவர் செத்துப் பல வருடமாகிறது. உயிரோடு இருந்தபோதும் அவரை யாரும் நிம்மதியாக எழுதவிடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் எழுதினார். பத்திரிகைக்காரர்கள் நாடகத்தை விட்டுவிட்டு அவருடைய தொப்பியைப் பற்றி எழுதினார்கள். ஒரு தயாரிப்பாளர் முடிவை மாற்றச் சொன்னபோது இவர் கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். பிறகு எத்தனையோ வருடம் அது மேடையேறவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அந்த நாடகம் முழுக்க ஒரு மனைவி வாயே திறக்கமாட்டாள். தேத்தண்ணி ஊற்றுவாள், இஸ்திரிப்பெட்டியால் உடுப்பு மினுக்குவாள், புருஷன் ஏச ஏசக் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசிக் காட்சியில்தான் பேசுவாள். பன்னிரண்டு நிமிடம், அவள் மட்டும். பேசி முடித்துவிட்டு வீட்டை விட்டுப் போவாள். அது இல்லாவிட்டால் நாடகமே இல்லை.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் அதைப் போட்டோம். முதலில் விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. பிரதம விருந்தினர் தான் யூனியன்வில்லில் வீடு வாங்கிய கதையிலிருந்து தொடங்கினார். பிறகு ஸ்பொன்சர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. திரைக்குப் பின்னால் நின்ற எனக்குப் பற்றி எரிந்தது. எங்கள் ஆட்களிடம் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க ஆளில்லை.

கடைசிக் காட்சிக்கு முந்தின காட்சி முடிகிற நேரத்தில் மன்றத் தலைவர் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, அஞ்சு மணிக்கு ஹோலை விடவேணும். அடுத்தது ஒரு பெரியபிள்ளையான பிள்ளையின்ரை சாமத்தியவீடு, ஹோல் சோடிக்கிற ஆக்கள் வெளியில நிக்கினம். உந்தக் கடைசிக் காட்சியை விடுவம்.”

“அண்ணை, அவ வாய் திறக்கிறதே அதிலைதான்.”

“பரவாயில்லை. சனத்துக்கு விளங்கும்.”

வெட்கங்கெட்ட மனுஷன், என் பதிலுக்கு நிற்கவுமில்லை. திரையை இழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். மனைவியாக நடித்த பெண், ஆறு மாதமாகப் பாடமாக்கிய வசனம் முழுவதையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு சபையைக் கும்பிட்டாள். நானும் எழும்பிப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அதற்காக என்னை நானே இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறேன். “குடும்பப் பெண்ணின் பொறுமையைப் போற்றும் நாடகம்” என்று தலைவர் மைக்கில் சொன்னார். எனக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது. சனம் எழும்பி நின்று கைதட்டியது.

வாசலில் முன்பின் தெரியாத ஓர் அன்ரி என் கையைப் பிடித்தார்.

“நல்ல நாடகம், பிள்ளை. என்ரை மருமேளும் உப்பிடித்தான். மகன் என்ன ஏசினாலும் வாயே திறக்கமாட்டாள். அவளும் பாக்கவேண்டியது, அவன்தான் விடேல்லை.”

“அவவின்ரை நம்பரைத் தாங்கோ அன்ரி. நான் நாடகத்தை அனுப்பிவிடுறன்.”

அவர் சந்தோஷமாகத் தந்தார். கார் பார்க்கிலேயே நின்று அனுப்பினேன். கடைசிக் காட்சியை மட்டும்.