மீனுக்கு அம்மை போட்ட வீடு

அருவங்காடு குடியிருப்பில் ஆறுக்குட்டியைத் தெரியாதவர்கள் இல்லை. தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். பொதுக்கூட்டம் என்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறுவார். வீட்டு முன்னறையில் பெரிய மீன்தொட்டி வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், அந்த வரிசை வீடுகளில் தொலைக்காட்சியைவிட அந்தத் தொட்டிக்குத்தான் மவுசு அதிகம்.

கப்பி, கறுப்பு மாலி, விசிறிபோல் துடுப்பு விரிக்கும் ஏஞ்சல் எல்லாம் அதில் நீந்தின. வெப்பநாட்டு மீன்கள், நீலகிரிக் குளிர் தாங்காதவை. அதனால் தண்ணீருக்குள் ஒரு ஹீட்டர் எந்நேரமும் எரியும். மின்சாரம் போனால் தன் கம்பளியை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்துவார். "பொண்டாட்டிக்குப் போத்தாத கம்பளியை மீனுக்குப் போத்தறாரு பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார்.

மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தொட்டி முன்னால் கூடுவார்கள். செவுள் எதற்கு, மீன் ஏன் இமைப்பதில்லை, நீரில் இருந்த உயிர் நிலத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லிக்கொடுப்பார். எதையும் கடவுள் செய்தார் என்று முடிக்கக் கூடாது, கண்ணால் பார்த்துவிட்டுப் பேசு என்பார். மேடையிலும் அதையேதான் சொன்னார். தீட்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தனியாக ஏறும். "உடம்புக்குள்ள ஓடுற வரைக்கும் ரத்தம், வெளியே வந்தா தீட்டா" என்று கேட்டு நிறுத்துவார். காந்தல் ஊர்க் கூட்டத்தில் அந்த இடத்தில் கைதட்டல் அடங்க நேரமாகும்.

அவர் மனைவி பங்கஜம் வெள்ளி தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். கேட்டால், "அது அவ சுதந்திரம்" என்பார் ஆறுக்குட்டி. வீட்டுக்குள் சண்டை வேண்டாம் என்பதற்குத்தான் அவர் சுதந்திரம் என்று பெயர் வைத்திருந்தார். மேடைப் பேச்சாளர்கள் பலருடைய வீடு இப்படித்தான் இருக்கிறது.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைத்தவர் அங்கம்மா. சரிவின் கீழே இருந்த காலனியிலிருந்து வருவார். வரிசையில் மற்ற வீடுகளிலும் அவருக்கு வேலை இருந்தது. அங்கெல்லாம் பின்வாசல். ஆறுக்குட்டி வீட்டில் மட்டும் முன்வாசல் வழியாக வரவேண்டும், "சாமி" என்று கூப்பிடக் கூடாது, "அண்ணா" என்றுதான் கூப்பிடவேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் துடைப்பதும் அங்கம்மாதான். வழவழப்பு பங்கஜத்துக்குப் பிடிக்காது. அங்கம்மா முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துடைப்பார்.

ஒரு மார்கழியில் ஆறுக்குட்டி கோயமுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். திரும்பும்போது ஒரு கடையில் சிவப்பு மாலி ஜோடி ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிவந்தார். பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, பைத்தண்ணீரோடு சேர்த்தே தொட்டியில் கொட்டினார்.

சில நாளில் மீன்களின் துடுப்பில் உப்புத்தூள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு உடம்பெல்லாம் பரவின. மீன்கள் கூழாங்கல்லில் போய் உரசின. ஒரு ஏஞ்சல் செத்து மிதந்தது.

"ஏனுங்க, அம்மை போட்டிருக்குதுங்க" என்றார் பங்கஜம்.

"மீனுக்கு அம்மையா? ஆத்தா தண்ணிக்குள்ள நீச்சலடிச்சு வந்தாளாக்கும்."

"சிரிக்காதீங்க. அம்மை போட்ட ஊட்டுல அடுப்பு மாதிரி சூடு வெச்சிட்டு இருக்கறீங்க. அதை நிறுத்துங்க மொதல்ல. ஒடம்பு குளிரோணும்."

ஆறுக்குட்டி ஆத்தாவை நம்பவில்லை. ஆனால் அம்மை என்றால் சூடு, சூட்டுக்குக் குளிர்ச்சி என்பதைச் சிறுவயதிலிருந்தே கேட்டவர். அதில் சாமி இல்லை என்பதால் அது அறிவு என்று நினைத்துவிட்டார். ஹீட்டரை நிறுத்தினார். மறுநாள் தொட்டி மூடியில் வேப்பிலைக் கொத்து கிடந்தது. மலையில் வேம்பு ஏது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் யாரிடமோ சொல்லி வாங்கியிருந்தார் பங்கஜம். ஆறுக்குட்டி அதைப் பார்த்தார். எடுத்து எறியவில்லை.

குளிர்ந்த தண்ணீரில் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. ஒவ்வொன்றாகச் செத்தன.

வரிசைக்குப் பொதுவான குழாயடியில், குடங்கள் நிரம்பக் காத்திருந்த பெண்கள் நடுவே, பங்கஜம் அங்கம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"நிசத்தைச் சொல்லு. தூரமா இருந்தப்பத்தானே தொட்டிக்குள்ள கையை விட்டே?"

மாதவிலக்கைத்தான் அப்படிக் கேட்டார். அங்கம்மா குடத்தைக் கீழே வைத்தார்.

"இருந்தா என்னங்கம்மா? தூரமா இருந்தப்பல்லாம் உங்க ஏனத்தைக் கழுவலீங்களா? அந்தச் சோத்தைத் தின்னுட்டு எல்லாரும் நல்லாத்தானே இருக்கறீங்க?"

"பாத்தீங்களா, ஒத்துக்கறா பாருங்க" என்றார் ஒரு பெண்.

அப்போது ஆறுக்குட்டி வேலைக்குக் கிளம்பி அந்த வழியாக வந்தார். அங்கம்மாவின் முகம் தெளிந்தது. "ஏனுங்ண்ணா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். காந்தல் மேடையில் சொன்னதை இங்கே சொல்ல ஒரு மூச்சு போதும். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் வர வேண்டாம் அங்கம்மா. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நடக்கும்போதே மனம் அவருக்குச் சாதகமாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது: அவள் கையில் சோப்பு இருந்திருக்கலாம், மீனுக்கு ஆகாது. தீட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சோப்பு என்ற சொல்லை அங்கே வைத்தார். கை அதே கைதான்.

மற்ற வீடுகளுக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கறுப்புச் சட்டைக்காரரே நிறுத்திவிட்டார். "மீனே தாங்கல, எம் பொண்ணு மாசமா இருக்கறா" என்று ஒரு வீடு கதவை அடைத்தது. இன்னொரு வீடு காரணமே சொல்லவில்லை. பொங்கலுக்கு முன்பே அந்த வரிசையில் அங்கம்மாவுக்கு ஒரு வீடுகூட இல்லை. அரவேணுப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க ஆள் எடுக்கிறார்களா என்று அவர் அலைந்துகொண்டிருந்தார்.

அங்கம்மா வராத நாட்களிலும் மீன்கள் செத்தன. உயிர் ஊசலாடிய ஒரு மாலியைப் பாட்டிலில் போட்டுக்கொண்டு, குன்னூரில் விலங்கியல் ஆசிரியையாக இருந்த தபித்தாளிடம் போனார் ஆறுக்குட்டி. இருவரும் கூட்டங்களில் அறிமுகமானவர்கள். தபித்தாள் மீனின் தோலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு இவரைப் பார்க்கச் சொன்னார்.

மங்கலான ஓர் உருண்டை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

"இது ஒட்டுண்ணிங்க. ஒரே செல்தான். மீனோட தோலுக்குள்ள பூந்து தின்னு பெருக்கும். அதுதான் வெள்ளைப் புள்ளி. முத்தினதும் கீழ விழுந்து நூத்துக்கணக்கா உடையும். அந்தக் குஞ்சுக நீந்தி வேற மீனைத் தேடும். நீந்தறப்பத்தான் மருந்துக்குச் சாகும், தோலுக்குள்ள இருக்கறப்ப ஒண்ணும் பண்ண முடியாது. புது மீன் ஏதாவது விட்டீங்களா?"

"சிவப்பு மாலி."

"தனியா வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க. பைத்தண்ணியோட ஊத்திட்டேன்."

"அங்கிருந்து வந்ததுதான் இது. சரி, ஹீட்டரைக் கூட்டி வெச்சுக் கொஞ்சம் உப்புப் போடுங்க. சூட்டுல சீக்கிரம் முத்தி விழுந்திரும், மீனுக்கும் தெம்பு வரும். ஹீட்டர் ஓடுதில்லீங்களா?"

"நிறுத்திட்டேன்."

"இந்தக் குளிர்லயா? ஏனுங்க?"

அவர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மைன்னு நெனச்சோம்" என்றார்.

தபித்தாள் சிரித்துவிட்டார். "போங்கண்ணா, நீங்களா? உங்க கூட்டத்துக்கு வந்துதான் நான் மந்திரிச்சுக்கறதையே நிறுத்தினேன்." அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஹீட்டர் மறுபடி எரிந்தது. உப்பு விழுந்தது. மிச்சமிருந்த மீன்கள் சில தேறின. அவை துடுப்பை விரித்து மேலே வந்தபோது அவரால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. நுண்ணோக்கியில் பார்த்த பிறகு அங்கம்மா குற்றமற்றவள் என்று தெரிந்தது என்றால், பார்ப்பதற்கு முன் அவளைப் பற்றி அவருக்கு என்ன தெரியாமல் இருந்தது? தீட்டு இல்லை என்றுதானே இருபது வருடமாகப் பேசினார். ஒட்டுண்ணி வேறு நோய். அவரிடம் இருந்த நோய்க்கு உப்பு இல்லை.

காலனிக்குப் போனார். அங்கம்மா வாசலில் நின்றே பேசினார்.

"தப்பு எம் மேலதான் அங்கம்மா. புது மீன்ல இருந்து வந்த நோவு அது. நாளையில இருந்து வந்துரு."

"எனக்குச் சொல்றீங்களா சார்? எங் கை என்ன கைன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

அண்ணா போய் சார் வந்திருந்தது.

"வேற என்ன பண்ணோணும், சொல்லு."

"குழாயடியில வெச்சுத்தானுங்களே சொன்னீங்க. அங்கயே போய்ச் சொல்லுங்க. மைக்கு இல்லாம வராதுங்களா?"

இரண்டு முறை குழாயடி வரைக்கும் போய், குளிருக்கு நடுங்குகிறவர்போலக் கைகளைத் தேய்த்துக்கொண்டு திரும்பிவிட்டார். மூன்றாம் முறை நின்றார். பங்கஜமும் வரிசையில் இருந்தார்.

"மீனுக்கு வந்தது அம்மை இல்லீங்க. நான் வாங்கிவந்த மீன்ல இருந்த பூச்சி. அங்கம்மாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"சரிங்க, அதனால என்ன இப்ப?" என்று ஒரு பெண் குடத்தை நகர்த்தினார். இன்னொருவர் வாயைப் பொத்திச் சிரித்தார். "பூச்சியாவே இருக்கட்டும். தூரமா இருக்கறப்பக் கையை விட்டது தப்பில்லீங்களா?"

"தப்பில்ல. தீட்டுன்னு ஒண்ணு கெடையாது. அன்னைக்கும் எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் சும்மா போனேன்."

பங்கஜம் பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாசமான பெண்ணின் வீடு முதலில் அங்கம்மாவைக் கூப்பிட்டது. பிரசவ நேரம், ஆள் தேவை. பிறகு இன்னும் ஒரு வீடு. மற்றவை கூப்பிடவே இல்லை. ஆறுக்குட்டி வீட்டுக்கு அங்கம்மா திரும்பி வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. தொட்டிப் பாசியைத் தானே துடைத்தார். அந்த ஆண்டு காந்தலில் கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது, நாற்காலி போட வருகிறேன், பேசச் சொல்லாதீர்கள் என்றார். அப்படியே வந்து நாற்காலிகளைப் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைதட்டல் வந்த இடங்களில் தலையைக் குனிந்துகொண்டார்.