பாசிகூடப் பிடிக்காது

குருநகர் மக்டலீனுக்குக் கிராம அலுவலர் கொடுத்த நற்சான்றிதழில் இப்படி இருக்கிறது: ‘அமைதியான சுபாவம் உடையவர், சமய, சமூக வழக்கங்களை மதித்து நடப்பவர்.’ அலுவலர் ஊருக்குப் புதியவர்.

மக்டலீன் வாயைத் திறந்தால் ஒரு வசனம் விழும். விழுந்த இடத்தில் யாருக்காவது காயம் படும். பெண் ஏறிய வள்ளத்தை அன்றைக்குக் கடலில் விடுவதில்லை என்பது அவளுடைய மகன் றோய் கைவிடாத வழக்கம். அதற்கும் அவளிடம் ஒன்று இருந்தது: “பொம்பிளை கால் பட்டால் மீன் ஓடுமெண்டால், வள்ளத்து முன் அணியத்திலை ஏன் மாதா படம் ஒட்டி வைச்சிருக்கிறியள்?”

அன்று காலையே காற்று முறுகியிருந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக் கிறகோரி வலையோடு திரும்பி வந்தபோது, சந்தைப் பெண்களுக்கு நடுவில் நின்ற மக்டலீன் சும்மா இருந்திருக்கலாம். “கரையிலை கிடக்கிற வள்ளத்திலை பாசிகூடப் பிடிக்காது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கிறகோரியும் சிரித்தார். அவருக்குப் பின்னால் அதே மாதிரித் திரும்பி வந்த றோய் சிரிக்கவில்லை.

பின்னேரம் அவன் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனான். மக்டலீன் பின்னால் ஓடினாள். மண்டைதீவுப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

“மோனை, நான் கிறகோரியருக்கெல்லோ சொன்னனான்.”

“எனக்கும் நல்லாய்க் கேட்டது.”

“பொறுத்தவன் பூமி ஆள்வானடா.”

“பூமியைத்தானே? நான் கடலுக்கெல்லோ வெளிக்கிடுறன்.”

பெற்றவளின் வாய் பிள்ளைக்கும் இருந்தது. அவன் எஞ்சினைப் பூட்டினான். ஓடிவந்த கிறகோரி வள்ளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உந்தக் கறுப்பைப் பார். கொம்மாவின்ரை வாய்க்குப் பயந்து கடலிலை இறங்கியிருந்தால், இந்தத் துறையிலை ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டினம்.”

றோய் கயிற்றை வெடுக்கென்று பறித்தான். “விடுங்கோ அண்ணை. அம்மா, போறன்.”

மக்டலீன் வள்ளத்தைப் பார்த்து நடந்தாள். இந்த ஊரில் உப்பு வாங்கக் கடைக்குப் போகிறவனும் ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போவான்.

“ஏறாதேங்கோ அம்மா!” என்று றோய் கத்தினான்.

மக்டலீன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, வள்ளத்தில் ஏறி, மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். இருட்டும்வரை அவள் இறங்கவுமில்லை, ஒரு சொல் கதைக்கவுமில்லை.